தலைமயிர் பேணும் முறை

அரக்கோணத்திற்கு வடக்கே, தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் எல்லைப்புறத்தே, திருத்தணிகைக் குன்றம் நிற்கின்றது. முருகவேள் சினந் தணிந்து அமர்ந்த இடமாதலின் அதற்குத் தணிகை என்னும் பெயர் எய்திற்று என்பர். ஆறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இத்தலத்தில் மலைமீது ஏறுதற்கு 365 படிகள் அமைந்துள்ளன. அவை ஓராண்டின் நாட்களைக் குறிக்கும் என்பது வழக்கு. ஆடிக் கிருத்திகையன்று மலர்க்காவடி சுமந்து வருவோரும், பிற நாட்களில் நேர்த்திக்கடன் செலுத்த வருவோரும் பலர். அவருட் பெருந்தொகையினர் முடி காணிக்கை செலுத்தி, நீராடி, மழித்த தலையிற் சந்தனம் பூசிக்கொண்டு படி ஏறுவதை அங்குச் சென்றார் யாவரும் கண்டிருப்பர்.

வேண்டுதல் என்பது வேண்டிக்கொள்வார் உள்ளத்தைப் பற்றியது. அதனைக் குறித்து ஈண்டு நாம் ஒன்றும் கூற வரவில்லை. நாம் கூற வந்தது வேறு. சிறிது நேரத்தில் தலைமயிர் முழுவதையும் கொடுத்துவிட்ட அவ்வடியார் முகத்தில் கவலைக்குறி காணப்படுவதில்லை. மயிர் மீண்டும் வளரும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. நம் விடுதிகளிலோ, காலையிற் சீப்பில் பத்து மயிர் ஒட்டியிருக்கக் கண்ட மாணவர் அன்று முழுவதும் நிலைக்கண்ணாடியை விட்டு அகல்வதில்லை. அடுத்த வாரமே புதிய தைலப் புட்டி ஒன்று அவர் மேசைமீது தோன்றுகின்றது. பெற்றோர் வயிற்றைக் கட்டி அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி இங்ஙனம் கரைகின்றது. இவ்விருவருள் மயிரின் இயல்பை அறிந்தவர் யாவர்? இதனை ஆராய்ந்து, வீட்டிலேயே எளிதிற் கைக்கொள்ளத்தக்க முறை யாது எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மயிரின் இயல்பு

நாம் கண்ணாற் காணும் மயிர் உயிரற்றது. அது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆகிய இழை. நகமும் அதே பொருளால் ஆயதே. வெட்டினால் நோவதில்லை என்பதே அதற்குச் சான்று. உயிருள்ள பகுதி தோலின் கீழே, மயிர்க்குழி என்னும் சிறு பையின் அடியில் இருக்கின்றது. அங்கே குருதி கொணரும் உணவைக் கொண்டு உயிரணுக்கள் இடைவிடாது பெருகி, மேலே தள்ளப்பட்டு, இறுகி, உயிர் நீங்கி, மயிராக வெளிப்படுகின்றன. மயிர்க்குழியை அடுத்துள்ள சுரப்பி ஒருவகை நெய்யைச் சுரந்து தோலையும் மயிரையும் பதப்படுத்துகின்றது. மெலனின் என்னும் நிறப்பொருள் மயிருக்குக் கருமை தருகின்றது.

மயிரிழையின் வெளிப்புறம் ஓட்டு வீட்டின் கூரையைப் போன்றது. நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுனியை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன. அவை படிந்திருக்குமளவும் மயிர் பளபளக்கும்; பெயர்ந்தால் மங்கிச் சிக்குண்டு நுனி பிளக்கும். ஓடு பெயர்ந்த கூரையை வேயலாம். பெயர்ந்த செதிலை மீண்டும் வளர்க்க இயலாது. ஏனெனில் உயிரற்ற பொருள் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்வதில்லை.

ஆகவே, வேர் உயிருள்ளதாதலின் அதற்கு ஊட்டம் வேண்டும். இழை உயிரற்றதாதலின் அதற்குத் தேய்மானமில்லாப் பாதுகாப்பு வேண்டும். ஊட்டம் உள்ளேயிருந்து குருதி வழியாகவே செல்லும். பாதுகாப்பு வெளியேயிருந்து நம் கையால் அமையும். இவ்வேறுபாட்டை மறந்து, இழைக்கு ஊட்டமளிக்கப் புகுவதே நாம் செய்யும் பிழைகள் பலவற்றிற்கும் மூலம்.

தணிகைப் படிகளும் மயிர் வளர்ச்சியும்

தலைமயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு வளர்கின்றது. மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் எனக் கொள்ளலாம். தணிகை மலையில் ஒரு படிக்கு ஒரு நாளாக எண்ணி ஏறுவோமாயின், அடிவாரத்தில் மழித்த தலை 365-ஆம் படியை எட்டும்பொழுது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், அஃதாவது ஐந்து அங்குல நீள மயிரைப் பெற்றிருக்கும். இவ்வேகத்தை எந்தத் தைலமும் இரட்டிப்பதில்லை.

மொட்டையடித்தால் மயிர் தடித்து அடர்ந்து வளரும் என்னும் கொள்கை நம் நாட்டில் மட்டுமன்று, மேனாடுகளிலும் உண்டு. 1928-ஆம் ஆண்டிலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் நால்வருடைய முகமயிரை ஆராய்ந்து, சவரத்தால் மயிரின் பருமனோ வளர்ச்சி வேகமோ மாறுவதில்லை எனக் கண்டார். இயல்பான மயிரின் நுனி கூம்பியிருக்கும். மழித்தபின் எழும் மயிரின் நுனி தட்டையாயிருத்தலின் தடித்தது போலத் தோன்றுகின்றது, அவ்வளவே. குழந்தைக்கு முதல் மொட்டைக்குப்பின் அடர்ந்த மயிர் வருவதும் கத்தியின் செயலன்று. பிறந்த மயிர் சில திங்களில் தானே உதிர்ந்து உறுதியான மயிர் முளைப்பது இயற்கை. மயிர்க்குழிகளின் தொகையோ பிறப்பதற்கு முன்னரே வரையறுக்கப்பட்டுவிடுகின்றது.

உதிர்தலின் கணக்கு

நம் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளர்ந்து, பின் ஏறத்தாழ மூன்று திங்கள் ஓய்ந்திருந்து உதிர்கின்றது. அதே குழியில் புதுமயிர் தோன்றுகின்றது. வளர்பருவம் மூன்றாண்டாயின் கூந்தல் ஒன்றேகால் அடிக்குமேல் நீளாது. ஆறாண்டாயின் அதனினும் இருமடங்கு நீளும். ஒருத்திக்கு இடைவரை கூந்தலிருக்க, அதே எண்ணெயைப் பூசும் அவள் தங்கைக்குத் தோளளவில் நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

எந்நேரத்திலும் பத்திலொரு பங்கு மயிர் ஓய்ந்திருக்குமெனக் கொள்வோம். பதினாயிரம் மயிர் நூறு நாட்களில் உதிரவேண்டுமாயின் நாளொன்றுக்கு நூறு உதிரும். எனவே ஐம்பது முதல் நூறு வரை உதிர்தல் நோயன்று. மரம் பழுத்த இலையை உதிர்ப்பது போன்றதே. வாரம் ஒருமுறை தலை முழுகுவோர்க்கு, இடையில் உதிர்ந்து சிக்கியிருந்தவையெல்லாம் அன்றே கையோடு வருதலின், அச்சம் பெரிதாகின்றது.

இனி, கடுங்காய்ச்சலிற் கிடந்து எழுந்த மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். உடல் தேறி, வகுப்பிற்கு வந்து, எல்லாம் நலமென்றிருக்கையில், இரண்டு மூன்று திங்கள் கழித்துத் தலைமயிர் கற்றை கற்றையாக உதிர்கின்றது. விடுதித் தண்ணீரைப் பழிக்கிறார், ஸோப்பைப் பழிக்கிறார், ஐந்தாறு தைலங்களை மாற்றுகிறார். உண்மை யாதெனின், நோயுற்ற காலத்தில் உடல் தன் வலிமையையெல்லாம் உயிர் காப்பதிற் செலுத்த, மயிர்க்குழிகள் பல ஒருங்கே ஓய்வு பெற்றன. ஓய்வுக்காலம் முடிய அம்மயிர்கள் ஒருங்கே உதிர்கின்றன. மகப்பேற்றுக்குப் பின்னும், பட்டினிக்குப் பின்னும், பெருந்துயரத்திற்குப் பின்னும் இங்ஙனம் நிகழ்வதுண்டு. 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய கொரோனாப் பெருநோய்க்குப் பின்னர்ப் பலர் இதனை அறிந்தனர். பெரும்பாலும் ஆறு திங்கள் அளவில் இது தானே நிற்கும். அப்பொழுது கையிலிருக்கும் கடைசிப் புட்டிக்கு அப்பெருமை போய்ச் சேருகின்றது! வேண்டுவன நல்லுணவும் பொறுமையுமே.

நீராட்டு

பெண்டிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என்று பாண்டியன் ஐயுற்றதும், அதனால் தருமி பொற்கிழி பெற நேர்ந்ததும், நக்கீரர் வாதிட்டதுமாகிய கதை நாம் அறிந்ததே. இக்காலத்து உடல்நூல் இவ்வழக்கை எளிதில் தீர்த்துவிடும். தலைத்தோலில் ஊறும் நெய்யும் வியர்வையும், அவற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு மணத்தைத் தருகின்றன. கழுவாது விட்டால் அம்மணம் நாற்றமாகும். ஆகவே கழுவவேண்டுவது முதலில் தலைத்தோலையே. வழிந்தோடும் நுரையே மயிரிழைக்குப் போதும்.

திருத்தணிகை, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை இராச்சியத்தோடு சேர்ந்த ஊர். அவ்வெல்லைப்புறத்துத் தமிழர் தலைக்குச் சிகைக்காய் தேய்ப்பர். தெலுங்கர் பூந்திக்கொட்டையைக் குங்குடுகாய் என வழங்கி, அதனை ஊறவைத்துப் பிசைந்து நுரை எடுப்பர். மொழி இரண்டாயினும் வேதியியல் ஒன்றே. இரண்டிலும் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உளது. அது எண்ணெயையும் அழுக்கையும் பற்றி நீரோடு கொண்டு செல்கின்றது. சிகைக்காய் சற்றே புளிப்புத் தன்மையுடையதாதலின் மயிரின் செதில்கள் படிந்திருக்கின்றன. உடம்புக்குத் தேய்க்கும் ஸோப் காரத்தன்மையுடையது, செதில்களைக் கிளர்த்தும், கிணற்று நீர் கடினமாயின் வெண்படிவாக மயிரில் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் அதனைத் தலைக்கு இடுதல் தகாது.

வீட்டிற் செய்துகொள்ள விரும்புவோர், உலர்ந்த சிகைக்காய் நான்கு பங்கு, பச்சைப்பயறு ஒரு பங்கு, வெந்தயம் கால் பங்கு சேர்த்து வெயிலிற் காயவைத்து நன்றாக அரைத்துச் சலித்து, ஈரம் புகாத கலத்தில் வைத்துக்கொள்க. வேண்டுமளவு எடுத்துச் சோறு வடித்த கஞ்சியில் இளகக் கரைத்து, விரல்நுனியால், நகம் படாமல், தோலில் தேய்த்துப் பின் நிரம்ப நீர்விட்டு அலசுக. சலிக்காத பொடி தோலைக் கீறும். கண்ணிற் பட்டால் எரியும்.

ஷாம்புவைப் பழிப்பதும் நம் கருத்தன்று. அச்சொல்லே நம் நாட்டது. அழுத்திப் பிடித்துவிடு எனப் பொருள்படும் ஹிந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவிற் பிறந்த தீன் முகம்மது என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியலகம் நிறுவி அதனை அந்நாட்டிற் பரப்பினார். பின்னர்ப் பிடித்துவிடுதல் மறைந்து, கழுவும் திரவத்திற்கே அப்பெயர் நின்றது. நேரமில்லாதார் மென்மையான ஷாம்புவைப் பயன்படுத்துவதில் தீங்கில்லை. வாரம் இருமுறை பலருக்குப் போதும். வியர்வை மிகும் கோடையிலும் விளையாட்டிற்குப் பின்னும் கூடுதலாகக் கழுவலாம்.

எண்ணெய்

புதனும் சனியும் ஆடவர்க்கு, செவ்வாயும் வெள்ளியும் மகளிர்க்கு என எண்ணெய் முழுக்கிற்கு நாள் வகுத்தனர் முன்னோர். எண்ணெய் வேருக்கு உணவன்று, இழைக்குக் கவசம். நீரில் நனைந்த மயிர் ஊதிப் பின் காய்ந்து சுருங்குகின்றது; இது மீளமீள நிகழின் நலிகின்றது. தேங்காயெண்ணெய் மயிரிழையினுள் ஊடுருவி இக்கேட்டைக் குறைக்கின்றதென்பதும், மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கனிம எண்ணெய்க்கு அவ்வாற்றல் இல்லை என்பதும் 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் விளங்கின. ஆதலின் முழுகுவதற்கு முன் சிறிதளவு தடவி, அரைமணி நேரம் இருந்து கழுவுதல் நன்று.

பொடுகு உடையார்க்கு மட்டும் இம்முறை பொருந்தாது. பொடுகு தோலின் வறட்சியன்று. தலைத்தோலின் நெய்யை உண்டு வாழும் ஒருவகைப் பூஞ்சை அளவிற் பெருகுதலே அதன் காரணம். அதன்மேல் எண்ணெயை ஊற்றி இரவெல்லாம் வைத்திருத்தல் பகைவனுக்கு விருந்திடுவதாகும். இத்தகையோர் எண்ணெயைக் குறைத்து, கீடோகோனசோல் முதலிய மருந்து கலந்த ஷாம்புவை மருத்துவர் கூறியபடி பயன்படுத்துக.

வாருதலும் முடித்தலும்

ஈரமயிர் எளிதில் இழுபட்டு அறும். எனவே துணியால் முறுக்கிப் பிழியாது ஒற்றி எடுத்துக் காற்றில் உலர்த்துக. சிக்கெடுக்கையில் அகன்ற பல்லுள்ள சீப்பைக் கொண்டு, நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்க. உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் நுனியில் முடிச்சாகும். பள்ளிச் சிறுமியர்க்கு இரட்டைச்சடையை நெற்றி இழுபடுமாறு இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டுவதைக் காண்கின்றோம். ஆண்டுக்கணக்கில் இவ்விழுப்பு நேரின் நெற்றியோரத்து மயிர்க்குழிகள் நிலையாகவே கெட்டுவிடக்கூடும். தாய்மார் சற்றே தளரப் பின்னுவாராக.

மயிரை நேராக்கும் சூட்டுக்கோல் இழையினுள்ளிருக்கும் நீரைக் கொதிக்கச் செய்து, குமிழி எழுப்பி, இழையை உடைக்கின்றது. நரைக்குச் சாயமிடுவோர் அறியவேண்டுவதும் ஒன்றுண்டு. மருதாணி தருவது செம்மை நிறம். அவுரி சேர்ந்தாற் கருக்கும். நொடியிற் கருக்கும் பொடிகள் பலவற்றில் ஒவ்வாமை விளைக்கும் வேதிப்பொருள் கலந்திருக்கும். முதலிற் காதின் பின்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்த பின்னரே தலைக்கு இடுதல் வேண்டும்.

உணவு

மயிர் புரதத்தால் ஆயது எனக் கண்டோம். ஆகவே பருப்பு, பயறு, நிலக்கடலை, பால், முட்டை, மீன் ஆகியவற்றுள் இயன்றவை நாள்தோறும் உணவில் இருத்தல் வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்த சோகையால் மயிர் உதிர்தல் நம் மகளிரிடையே காணப்படுவதொன்று. முருங்கைக்கீரை போன்ற கீரைகளை எலுமிச்சைச் சாறு முதலிய புளிப்போடு உண்டால் இரும்புச்சத்து நன்கு சேரும். உணவோடு தேநீரும் காப்பியும் பருகின் அது தடைப்படும். மெலிய விரும்பிக் காலையுணவைத் துறக்கும் மாணவியர், தாம் துறப்பது கூந்தலையுமே என்பதை நினைவிற் கொள்க.

பேனும் கத்தியும்

பேன் பற்றியவரை இழித்துரைத்தல் கூடாது. அது தலையோடு தலை படுவதாற் பரவுவது. தூய தலையிலும் வாழ்வது. ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாளாதலின், ஒருமுறை மருந்திட்டால் முட்டையிலிருப்பவை தப்பிவிடும். ஆதலின் ஒன்பது பத்து நாள் கழித்து மறுமுறையும் இடவேண்டும். வீட்டிலுள்ளார் யாவர் தலையையும் ஒரே நாளிற் பார்க்கவேண்டும். நனைந்த தலையில் ஈர்கொல்லியால் பொறுமையுடன் வாருதல் பெருந்துணை.

முடி காணிக்கை செலுத்துவோர்க்கும் ஒன்று கூறுவோம். 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு, அறநிலையத் துறைக்குட்பட்ட திருக்கோயில்களில் மொட்டையடிக்கும் கட்டணத்தை நீக்கியது. பணம் மிச்சமாயினும் எச்சரிக்கை மிச்சமாகலாகாது. ஒருவர் குருதி பட்ட கத்தி மற்றொருவர் தோலைக் கீறுமாயின், ஈரலைத் தாக்கும் பி, சி வகை மஞ்சட்காமாலைகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு இடுவதைக் கண்ணாற் பார்த்து அமர்வதே முறை. கேட்பதில் நாணம் வேண்டா. குழந்தைக்காகக் கேட்கும்பொழுது சிறிதும் வேண்டா.

மருத்துவரை நாடும் காலம்

வீட்டுமுறைக்கு எல்லை உண்டு. காசளவில் வட்டமாக மயிர் கொட்டிப் பளபளத்தால் அது புழுவெட்டு. பெயரிற் புழு இருப்பினும் அங்கே புழு இல்லை. உடலின் காவற்படையே மயிர்வேரைப் பகையென மயங்கித் தாக்குவதால் நேர்வது அது. சிறுவர் தலையில் செதில் உதிர்ந்து, மயிர் ஒடிந்து, வட்டம் படருமாயின் அது படர்தாமரையாகலாம். பூசும் மருந்தால் மட்டும் தீராது, உட்கொள்ளும் மருந்து வேண்டும். தந்தைக்கும் பாட்டனுக்கும் வழுக்கையிருக்க, மகனுக்கும் நெற்றி ஏறுமாயின் அது மரபின் வழியது. மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைடு என்னும் மருந்துகள் பலருக்கு அதனைத் தடுக்கின்றன. ஆயின் மருத்துவர் சொற்படி, விடாது பயன்படுத்தவேண்டும். இவற்றிற்கெல்லாம் தைலத்தோடு போராடிக் காலம் கடத்துதலே பெருங்கேடு. உறங்கும் வேரை எழுப்பலாம். மாண்ட வேரை எழுப்ப இயலாது.

முடிவுரை

சுருங்கக் கூறின், தோலைத் தூய்மையாக வைத்தல், இழையை மென்மையாகக் கையாளுதல், நன்கு உண்ணுதல், காலத்தில் மருத்துவரை நாடுதல் ஆகிய நான்கே முறை. இவற்றிற்கு வேண்டிய பொருள்களுட் பெரும்பாலன நம் அடுக்களையிலேயே உள்ளன.

தணிகைப் படியில் மழித்த தலையோடு ஏறுவோரை மீண்டும் நினைவுகூர்வோம். அவருடைய மயிர் அறுபட்ட இழை மட்டுமே; வேர் தோலின் கீழே நலமாக இருக்கின்றது. அதனை அவர் நூலிற் கற்றாரல்லர். ஆயினும் நம்பி ஏறுகின்றார். நாமோ கற்றும் அஞ்சுகின்றோம். வகுப்பில் நோயுற்று மயிரிழந்து வரும் தோழரை, தோழியைக் காணுங்கால், நகையாது, பரிவோடு அருகமர்ந்து, வேர் உள்ளவரை வளர்ச்சி உண்டு என்று இவ்வுண்மையை எடுத்துரைப்போமாயின், நாம் கற்ற கல்வி ஓரளவேனும் பயன்பட்டதாகும்.